உங்களைக் கைவிட்ட காப்பீட்டு நிறுவனமும் ஃபேர் பிளானில் கட்டாய உறுப்பினர்தான்: ஏன், எப்படி?

கேள்வி இது: கலிஃபோர்னியாவில் மலையோரப் பகுதியில் வீடு. பல வருடமாகப் பாலிசி கொடுத்துவந்த நிறுவனம், இனிமேல் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் அனுப்பிவிட்டது. ஏஜென்ட் ‘ஃபேர் பிளான்’ எடுக்கச் சொல்கிறார். அது அரசாங்கத்துடையதா? மாநிலத்தில் வீட்டுக் காப்பீடு விற்கும் எல்லா நிறுவனங்களும் அதில் கட்டாய உறுப்பினர் என்றால், என்னை வெளியே அனுப்பிய நிறுவனமும் அதில் உண்டா? சமவெளியில் இருக்கும் நண்பர் ஃபேர் பிளானில் இல்லவே இல்லை, அவருடைய பில்லில் ஏன் ஃபேர் பிளான் பெயரில் ஒரு கட்டணம் வந்திருக்கிறது?

முதலில் நேரான பதில். ஃபேர் பிளான் அரசு நிறுவனம் இல்லை. வரிப்பணம் அதில் போடப்படுவதில்லை. மற்ற நிறுவனங்கள் எடுக்காத வீடுகளுக்குத் தீக் காப்பீடு கொடுக்க, சட்டத்தால் உருவாக்கப்பட்ட ஒரு சங்கம் அது. கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்றுச் சொத்துக் காப்பீடு விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் உறுப்பினராக இருந்தே தீர வேண்டும். ஆகவே உங்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொன்ன நிறுவனம், ஃபேர் பிளான் வழியாக உங்கள் வீட்டின் தீ ஆபத்தில் ஒரு சிறு பங்கை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. நண்பரின் பில்லில் வந்த கட்டணத்துக்குக் காரணமும் இதே கட்டாய உறுப்பினர் முறைதான்.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கு 1960களுக்குப் போக வேண்டும். 1961 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் பெல் ஏர் பகுதியில் காட்டுத்தீ சுமார் 480 வீடுகளை எரித்தது. 1965இல் அதே நகரின் வாட்ஸ் பகுதியில் கலவரம், 1967இல் நியூவார்க்கிலும் டெட்ராய்டிலும் கலவரம். காப்பீட்டு நிறுவனங்கள் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தத் தெருக்களுக்குள் பாலிசி கிடையாது என்று கோடு போட்டன. காப்பீடு இல்லையென்றால் வங்கி கடன் கொடுக்காது. கடன் இல்லையென்றால் வீட்டை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அந்த வட்டாரமே செத்துப்போகும். அமெரிக்க அதிபர் ஜான்சன் அமைத்த குழு, நியூஜெர்சி ஆளுநர் ரிச்சர்ட் ஹியூஸ் தலைமையில் இதை ஆராய்ந்து 1968 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது: கலவர இழப்புக்கு மத்திய அரசின் மறுகாப்பீடு (காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்காக எடுத்துக்கொள்ளும் காப்பீடு) வேண்டுமென்றால், அந்த மாநிலத்தில் ஃபேர் பிளான் இருக்க வேண்டும். பல மாநிலங்கள் அமைத்தன. கலிஃபோர்னியாவும் 1968இல் அமைத்தது. நகர உட்பகுதிகளோடு காட்டுத்தீ அபாயமுள்ள மலைப்பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. ‘ஃபேர்’ என்பது, ‘காப்பீடு கிடைக்க நியாயமான வழி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்.

உறுப்பினராவதை ஏன் விருப்பத்துக்கு விடவில்லை? யாரும் எடுக்க விரும்பாத வீடுகளை மட்டும் சேர்த்து வைத்த கூடை அது. சேரலாம், சேராமலும் இருக்கலாம் என்றால் ஒரு நிறுவனமும் சேராது. சேர்ந்த ஓரிரு நிறுவனங்கள், சேராதவற்றைவிட அதிகச் செலவைச் சுமந்து போட்டியில் தோற்கும். அதனால் சட்டம் அதை உரிமத்தோடு கட்டிவிட்டது: இந்த மாநிலத்தில் சொத்துக் காப்பீடு விற்க வேண்டுமா, சங்கத்தில் இரு. வேண்டாமென்றால் அந்த வியாபாரத்தையே விட்டுவிடு. பக்கத்திலேயே ஒரு மாற்று முறையும் இருக்கிறது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு 1996இல் அமைக்கப்பட்ட கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையத்தில் சேருவது நிறுவனங்களின் விருப்பம். ஆனால் அங்கே வீட்டுக் காப்பீடு விற்கும் நிறுவனம் நிலநடுக்கக் காப்பீட்டை வாடிக்கையாளருக்கு முன்வைத்தே ஆக வேண்டும் என்று வேறொரு சட்டம் நெருக்குகிறது. அதனால்தான் அங்கே விருப்ப உறுப்பினர் முறை ஓடுகிறது.

இந்தியாவில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2007இல் வணிக வாகனங்களின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கூட்டு நிதியம் அமைக்க வேண்டியிருந்தது. லாரிக்குப் பாலிசி கொடுக்க யாரும் முன்வராத நிலை. 2012 மார்ச்சோடு அதைக் கலைத்துவிட்டார்கள். நட்டம் எல்லாருக்கும் சந்தைப் பங்குப்படி போய்விடும் என்றால், தன் மேசைக்கு வந்த கிளைமைக் கவனமாகப் பார்க்க எந்த நிறுவனத்துக்கும் தனி அக்கறை இருக்காது. கட்டாயக் கூட்டு எதையும் மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பங்கை எதை வைத்துப் பிரிக்கிறார்கள், அந்தக் கணக்கு யாரை எப்படி நடக்கத் தூண்டுகிறது?

ஃபேர் பிளானில் கணக்கு இப்படி. பாலிசி ஃபேர் பிளான் பெயரிலேயே வரும். பிரீமியமும் அங்கேயே போகும், கிளைமும் அங்கிருந்தே வரும். இழப்பு வந்தால் முதலில் கையிருப்பு, அடுத்தது மறுகாப்பீடு. அதுவும் பற்றாதபோது, மாநிலக் காப்பீட்டு ஆணையரின் ஒப்புதலோடு உறுப்பினர்களிடம் தண்டல், அதாவது கட்டாய வசூல், போடலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கும், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய காலண்டர் ஆண்டில் அது மாநிலத்தில் வசூலித்த சொத்துக் காப்பீட்டுப் பிரீமியத்தின் விகிதப்படி. 2025இல் தண்டல் என்றால் 2023இன் வசூல்தான் அளவு. ஆகவே 2024இல் கடையைச் சுருக்கிய நிறுவனமும் 2025இல் பழைய அளவுக்கே கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பிடி இரண்டு வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு அதன் பங்கு சிறுக்கும், மற்றவர்களின் பங்கு பெருக்கும்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு காட்டுத்தீக்களும் தொடங்கின. 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஃபேர் பிளானின் இழப்பு ஏறத்தாழ 400 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. மறுகாப்பீடு இருந்தது. ஆனால் முதல் 90 கோடி டாலரைத் தானே சுமந்த பிறகுதான் அது கைகொடுக்கும், அதன் பிறகும் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பகுதியைச் சங்கம் சொந்தமாகத் தர வேண்டும். கையிருப்பு கரைந்தது. பிப்ரவரி 11 அன்று ஆணையர் ரிக்கார்டோ லாரா 100 கோடி டாலர் தண்டலுக்கு ஒப்புதல் கொடுத்தார். உறுப்பினர்கள் 30 நாளுக்குள் கட்ட வேண்டும். 1993 காட்டுத்தீ, 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் இப்படி ஒரு தண்டல் வந்ததில்லை. இடைப்பட்ட காலத்தில், இந்தக் கட்டாய உறுப்பினர் பொறுப்பு ஏட்டில் மட்டும் இருக்கும் சங்கதி என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

உங்கள் நண்பரின் பில் இங்கேதான் வருகிறது. 2024 ஜூலையில் ஆணையரும் ஃபேர் பிளானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டுப் பாலிசிகளுக்கான தண்டலில் முதல் 100 கோடி டாலர் வரை, நிறுவனம் தன் பங்கில் பாதியைத் தானே ஏற்க வேண்டும். மறுபாதியைத் தன் வாடிக்கையாளர்களிடம் தற்காலிகக் கட்டணமாக வாங்கிக்கொள்ளலாம். அந்த எல்லையைத் தாண்டினால் முழுவதையும் வாங்கலாம். வணிகப் பாலிசிகளுக்கும் இதே போலத் தனியாக ஒரு 100 கோடி எல்லை. எதுவானாலும் ஆணையரின் முன் அனுமதி வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் கற்பனைதான். சந்தையில் 5% வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 100 கோடியில் வரும் பங்கு 5 கோடி டாலர். பாதி, அதாவது 2.5 கோடியை வாடிக்கையாளர்களிடம் வாங்கலாம். அதற்கு 5 லட்சம் வீட்டுப் பாலிசிகள் இருந்தால் வீட்டுக்குச் சராசரியாக 50 டாலர். ஃப்ரெஸ்னோ சமவெளியில் இருப்பவரும் இதைக் கட்டுவார், மலிபு மலைச்சரிவில் இருப்பவரும் கட்டுவார். நியாயமா என்று கேட்டால் அங்கேதான் சண்டை. சட்டத்தில் இல்லாத சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுகிறார்கள் என்று ‘கன்ஸ்யூமர் வாட்ச்டாக்’ என்ற நுகர்வோர் அமைப்பு 2025 ஏப்ரலில் வழக்குத் தொடுத்தது. மறுபக்கத்தின் வாதம்: முழுச் சுமையும் நிறுவனங்களின் மேல் விழுந்தால் மிச்சமிருப்பவர்களும் மாநிலத்தை விட்டுக் கிளம்புவார்கள். என் பார்வையில் இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பாதியாவது நிறுவனத்தின் லாபத்திலிருந்து போக வேண்டும் என்ற விதி முக்கியம். மொத்தத்தையும் கடத்திவிடலாம் என்றால், ஃபேர் பிளான் ஊதிப்போவதைப் பற்றி உறுப்பினர்களுக்குக் கவலையே இருக்காது.

அது ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. 2020 வாக்கில் சுமார் 2 லட்சம் பாலிசிகள். 2024 செப்டம்பரில் 4.5 லட்சம். அவற்றின் மொத்தக் காப்பீட்டு மதிப்பு 45,800 கோடி டாலர். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அபாயப் பகுதியிலிருந்து பின்வாங்கும்போது, அவர்கள் விட்டுவிட்ட வீடு இந்தக் கூட்டுக் கூடைக்குத்தான் வருகிறது. கணக்கில் உள்ள ஓட்டை இதுதான். மலையில் துணிந்து பாலிசி கொடுக்கும் நிறுவனம், அந்த வீட்டின் முழு ஆபத்தையும் சுமக்கிறது, மேலாக ஃபேர் பிளான் பங்கையும் கட்டுகிறது. மலைப்பக்கமே போகாத நிறுவனத்துக்கு இரண்டாவது சுமை மட்டும். இதை ஈடுகட்ட, அபாயப் பகுதிகளில் தானாகப் பாலிசி கொடுப்பவர்களுக்குப் பங்கில் கழிவு தரும் வசதி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கழிவின் ஈர்ப்பைவிட விலகுவதன் ஈர்ப்பு பெரிதாகிவிட்டது.

அதனால் ஆணையர் இன்னொரு கயிற்றையும் கட்டினார். நிறுவனங்கள் வருங்காலப் பேரிடர்களை முன்கணிக்கும் கணினி மாதிரிகளை வைத்துப் பிரீமியக் கட்டணம் கணக்கிட அனுமதி உண்டு. பதிலுக்கு, மாநிலம் முழுவதிலும் தனக்குள்ள சந்தைப் பங்கில் 85% அளவையாவது அபாயப் பகுதிகளிலும் எட்ட வேண்டும். மாநில அளவில் 20% வைத்திருந்தால் அங்கே 17%. 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவின்படி கட்டண உயர்வுக்கு ஆணையரின் அனுமதி தேவை என்பதால் இந்தப் பேரம் சாத்தியமாயிற்று. 2025 அக்டோபரில், ஃபேர் பிளான் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்ட வழிசெய்யும் சட்டமும் வந்தது. ஒரே மாதத்தில் எல்லாரிடமும் பெருந்தொகை கேட்காமல் பல வருடங்களுக்குப் பரப்பலாம். ஆனால் வட்டியும் சேரும்.

உறுப்பினர் வலையில் சிக்காத ஒரு வகை உண்டு: மாநில உரிமம் இல்லாமல் ‘சர்ப்ளஸ் லைன்ஸ்’ புரோக்கர் வழியாக விற்கும் நிறுவனங்கள். அவை ஃபேர் பிளானுக்குப் பங்கு கட்டுவதில்லை. அந்த நிறுவனம் திவாலானால், உரிமம் பெற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளருக்குக் கைகொடுக்கும் மாநிலக் காப்பீட்டு உத்தரவாதச் சங்கமும் உங்களுக்கு உதவாது. ஏஜென்ட் ‘டி-1’ என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் நீங்கள் அந்தப் பக்கம் போகிறீர்கள் என்று அர்த்தம். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மற்ற மாநிலங்களில் வேறு அச்சு. டெக்சஸில் 1970இல் சீலியா புயல் அடித்த பிறகு 1971இல் அமைத்த சங்கம், 14 கடலோர மாவட்டங்களிலும் ஹாரிஸ் மாவட்டத்தின் ஒரு பகுதியிலும் காற்று, ஆலங்கட்டி சேதத்துக்கு மட்டும் பாலிசி தருகிறது. அங்கேயும் சொத்துக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாய உறுப்பினர்கள்தான். ஃப்ளோரிடாவின் ‘சிட்டிசன்ஸ்’ வேறு ரகம், மாநிலமே அமைத்த நிறுவனம். பற்றாக்குறை மிஞ்சினால் கார் பாலிசி வைத்திருப்பவர் வரைக்கும் தண்டல் போக முடியும். எனவே டெக்சஸ் உறவினர் சொன்னதை வைத்துக் கலிஃபோர்னியாவில் முடிவெடுக்க வேண்டாம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

புதுப்பிக்க மறுக்கும் நிறுவனம் குறைந்தது 75 நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த 75 நாளையும் தேடலுக்குப் பயன்படுத்துங்கள். உங்கள் அஞ்சல் குறியீடு, அவசரநிலை அறிவிக்கப்பட்ட காட்டுத்தீயின் எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ இருந்தால், அறிவிப்பிலிருந்து ஒரு வருடத்துக்கு, தீ அபாயத்தைக் காரணம் காட்டிப் பாலிசியை நிறுத்தக் கூடாது என்று 2018இல் வந்த சட்டம் சொல்கிறது. அந்த அஞ்சல் குறியீடுகளின் பட்டியல் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. கடிதம் வந்தவுடன் முதலில் அதைப் பாருங்கள்.

ஃபேர் பிளான் கடைசிப் புகலிடம். மற்ற இடங்களில் தேடிக் கிடைக்காதபோது வர வேண்டியது. கட்டாய உறுப்பினர் முறை இருக்கிறது என்பதற்காக எந்த வீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள் என்றில்லை. வீட்டைப் பார்வையிடுவார்கள். ஆளில்லாமல் கிடக்கும் வீடு, சரிசெய்யாத ஆபத்துள்ள வீடு நிராகரிக்கப்படலாம்.

அடிப்படைப் பாலிசியில் இருப்பது தீ, மின்னல், வீட்டுக்குள் நேரும் வெடிப்பு, புகை. காற்று, ஆலங்கட்டி, கலவரம், வாகனம் மோதுதல் போன்றவை கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. நாசவேலையும் அப்படியே. திருட்டு, குழாய் உடைந்து வரும் தண்ணீர்ச் சேதம், உங்கள் வீட்டில் ஒருவர் விழுந்து அடிபட்டால் வரும் சட்டப் பொறுப்பு எதுவும் கிடையாது. வீட்டுக்கு உச்ச வரம்பு, எல்லாம் சேர்த்து, 30 லட்சம் டாலர். விடுபட்டதை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் ‘டிஐசி’ என்ற துணைப் பாலிசி எடுக்க வேண்டும். எல்லா டிஐசியிலும் சட்டப் பொறுப்பு இருக்காது, கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு பாலிசிகளிலும் தொடக்கத் தேதி ஒன்றாக இருக்கட்டும், பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். வீடு குடும்ப டிரஸ்ட் பெயரில் இருந்து, ஒரு பாலிசியில் டிரஸ்டும் இன்னொன்றில் உங்கள் பெயரும் இருந்தால் கிளைம் நேரத்தில் தேவையற்ற இழுபறி வரும். வீட்டுக்கடன் வங்கியின் பெயரும் சரியாக ஏற வேண்டும். இல்லையென்றால் காப்பீடு இல்லை என்று கருதி வங்கியே விலை அதிகமான ஒரு பாலிசியை எடுத்து உங்கள் கணக்கில் ஏற்றிவிடும்.

பணம் எந்த அடிப்படையில் வரும் என்பதை அவசியம் பாருங்கள். கூடுதலாக எதுவும் சேர்க்காவிட்டால் தேய்மானம் கழித்த மதிப்புதான் கிடைக்கும். 20 வருடக் கூரைக்குப் புதுக் கூரையின் விலை வராது. மறுகட்டுமானச் செலவுக்கான இணைப்பையும், இன்றைய கட்டட விதிகளின்படி கட்ட ஆகும் கூடுதல் செலவுக்கான இணைப்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். பிரீமியம் ஏறும்தான், ஆனால் பழைய வீடு எரிந்தால் இந்த இரண்டும் இல்லாமல் மறுபடி கட்டுவது கடினம். தேய்மானம் கழித்த மதிப்பிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. ரிச்மண்ட் நகர வீடு ஒன்றின் வழக்கில், பழுதுபார்க்க 3.2 லட்சம் டாலர் ஆகும் என்றபோது, அந்த வீட்டின் சந்தை விலையே 75,000தான், அதற்கு மேல் தர முடியாது என்று ஃபேர் பிளான் வாதாடியது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பழுதுபார்க்கும் செலவில் நியாயமான தேய்மானத்தைக் கழித்துத் தர வேண்டும், சந்தை விலை அதற்கு உச்சவரம்பு ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

புகைச் சேதத்திலும் கவனம் தேவை. வீடு எரியாமல் சாம்பலும் புகையும் உள்ளே புகுந்தால், கண்ணுக்குத் தெரியும் அல்லது மூக்குக்கு எட்டும் நிரந்தர மாற்றம் இருந்தால்தான் பணம் என்ற வரையறையை ஃபேர் பிளான் வைத்திருந்தது. அது மாநிலத்தின் நிலையான தீக் காப்பீட்டு விதிகளுக்கு முரணானது என்று 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் ‘சுப்பீரியர் கோர்ட்’ என்ற விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று கிளைமை மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஆய்வகச் சோதனை அறிக்கையோடு மறுபரிசீலனை கேளுங்கள். அசையவில்லை என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் கொடுங்கள்.

ஃபேர் பிளானில் நுழைந்தவர் அதிலேயே கிடக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இரண்டு மாதம் முன்பு ஒரு புரோக்கரை வைத்து வெளிச் சந்தையைத் தேடச் சொல்லுங்கள். உறுப்பினர் நிறுவனங்கள் ஃபேர் பிளான் வீடுகளைத் தாங்களே எடுத்துக்கொள்ள முன்வரும் ‘கிளியரிங்ஹவுஸ்’ ஏற்பாடும் இருக்கிறது. வீட்டின் நிலையை மேம்படுத்தினால் எடுப்பவர்கள் கூடுவார்கள், பிரீமியத்தில் கழிவும் கிடைக்கும். செய்ய வேண்டியவை: ஏ வகுப்புத் தீத்தாங்கு கூரை, சுவரிலிருந்து 5 அடிக்குள் செடி, மரப்பட்டைத் தூள், மரவேலி எதுவும் இல்லாத வெற்றிடம், தீப்பொறி புகாத காற்றுத்துளை வலை, சுவரின் அடியில் 6 அங்குலத்துக்கு எரியாத பொருள், மூடிய கூரை விளிம்பு, மரத்தள மேடைக்கு அடியில் குப்பை இல்லாமை, மரக்கொட்டகை 30 அடி தள்ளி. முதலில் கை வைக்க வேண்டியது அந்த 5 அடியும் காற்றுத்துளைகளும்தான். காட்டுத்தீயில் பல வீடுகள் பறந்துவரும் தீப்பொறி சுவரோரத்தில் விழுந்தே பற்றிக்கொள்கின்றன. இந்த இரண்டுக்கும் கூரை மாற்றும் அளவுக்குச் செலவும் ஆகாது. செய்ததைத் தேதியோடு படமெடுத்து, ரசீதோடு ஏஜென்ட்டுக்கு அனுப்புங்கள். தானாக யாரும் வந்து பார்த்துக் கழிவு தரமாட்டார்கள்.

நண்பருக்கு ஒரு வார்த்தை. அந்தக் கட்டணம் பில்லில் பிரீமியத்தோடு கலக்காமல் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆணையர் அனுமதித்த தொகை எவ்வளவு என்பதை நிறுவனத்திடமோ காப்பீட்டுத் துறையிடமோ கேட்கலாம். தற்காலிகக் கட்டணம் என்பதால் அடுத்தடுத்த பில்களிலும் அது ஓசையில்லாமல் தொடர்கிறதா என்று கவனிப்பது அவர் வேலை.